நிரந்தரக் கொலையாளி

எபினேசரைக் கொலைகாரனாக்கியது நாவலாசிரியர் அல்ல, தேசியக் காட்சி வாரியத்தின் பணிமூப்புப் பட்டியல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் அந்த எழுத்தாளரைத் திட்டக் கூடாது. அவர் ஏதோ ஒரு அமைச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டி, ரிட்டையரான பிறகு ‘பச்சைமசி’ என்ற பெயரில் துப்பறியும் நாவல்களாக எழுதித் தள்ளிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய நாவலில் டெபுட்டி செக்ரட்டரியைக் கொன்றது ஜாயின்ட் செக்ரட்டரி. அதில் சந்தேகமே இல்லை. கொலை நடந்த அறையில் கிடந்தது அவருடைய கோல்ஃப் மட்டை. ரத்தக்கறை இருந்தது அவருடைய அரசாங்கக் காரில். கொலை செய்தவன் இடதுகைக்காரன், அந்தக் கட்டடத்தில் இடதுகைக்காரர் அவர் ஒருவர்தான்.

வாரியத்தின் தமிழ்ப் பிரிவு, மந்திர் மார்க் பக்கத்தில் நான்காம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். அங்கேதான் இந்த நாவல் பதின்மூன்று வாரத் தொடராகத் தயாரானது. பன்னிரண்டு வாரம் ஒளிபரப்பாகியும் விட்டது. தில்லியில் உள்ள தமிழ்க் குடும்பங்களெல்லாம் ஜாயின்ட் செக்ரட்டரியைத்தான் சந்தேகப்பட்டன. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். துப்பறியும் திரிலோகன் பதின்மூன்றாவது வாரம் விரலை நீட்ட வேண்டியதுதான் பாக்கி.

எபினேசருக்கு அந்தத் தொடரில் பியூன் வேடம். பதினோரு வருடமாக அவர் அங்கே கேஷுவல் நடிகர். கேஷுவல் என்றால் நாளைக்கு வரச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம், வந்தால் உட்கார நாற்காலி கிடையாது. தபால்காரர், கோயில் வாட்ச்மேன், ரேஷன் கியூவில் இரண்டாவது ஆள் என்று எல்லாம் நடித்திருக்கிறார். அவர் பேசிய வசனங்களைச் சேர்த்தால் ஒரு தபால் அட்டைக்குத் தேறும். அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் ஒன்று நிர்வாகப் பிரிவு அலமாரியில் படுத்திருந்தது. அது எழுந்தால் ஃபெபிக்கு அரசு மருத்துவ அட்டை வரும்.

ஃபெபி அவருடைய மனைவி. இருபத்தெட்டு வருடம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நர்ஸாக நின்றுகொண்டே வேலை பார்த்தவள். இடுப்பு மூட்டு தேய்ந்ததும் நர்சிங் ஹோம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மயூர் விஹாரில் மூன்றாவது மாடி வீடு, ஐம்பத்து நான்கு படிகள். அவள் கீழே இறங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. மூட்டு மாற்றினால் நடப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அட்டை இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார். அட்டை வருகிறது என்று எபினேசர் ஒவ்வொரு முறையும் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு வரும்போதெல்லாம் அவருக்கு மெட்ரோவில் இடம் கிடைத்தாலும் உட்காரத் தோன்றாது.

கடைசி எபிசோடுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஜெயகிருஷ்ணனுக்குத் தெரிந்தது, தான்தான் கொலைகாரன் என்று. அவர் முதல்நிலை நிரந்தரக் கலைஞர், ஜாயின்ட் செக்ரட்டரி வேடம். வாரியத்தில் அவரவர் வசனப் பக்கம் மட்டும்தான் அவரவருக்குக் கொடுப்பார்கள், முழுக்கதை ரகசிய ஆவணம். பன்னிரண்டு வாரமாகத் தன்னை ஒரு கண்ணியமான அதிகாரி என்று நினைத்துக்கொண்டே நடித்திருக்கிறார். அன்றைக்கே நான்கு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார். நிரந்தரக் கலைஞரைப் பற்றிப் பாதகமான குறிப்பு எதுவானாலும் அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தந்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, விளக்கம் கேட்க வேண்டும் என்பது விதி. கொலைகாரன் என்பதைவிடப் பாதகமான குறிப்பு வேறு என்ன இருக்கிறது?

தமிழ்ப் பிரிவின் கட்டுப்பாட்டாளர் சுந்தரவல்லி உடனே கூட்டம் போட்டார். அவர் பேச ஆரம்பித்தால் மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார்கள்.

“இது கொலை பத்தின பிரச்சினை இல்லை. பொறுப்பை நிர்ணயம் பண்ற பிரச்சினை. நம்ம வாரியத்துல ஒரு தப்பு நடந்தா அதை யார் செஞ்சாங்கன்னு நாம ஒருநாளும் கேட்டதில்லை. யாரால தாங்க முடியும்னுதான் கேட்டிருக்கோம். என்னோட இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இந்த முறை ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. ஜெயகிருஷ்ணன் சாரால தாங்க முடியாது. அதனால கொலை ஒரு கிரேடு கீழே இறங்கணும். அவ்வளவுதான்.”

ஒரு கிரேடு கீழே ஜெயலட்சுமி இருந்தார். தொடரில் செக்‌ஷன் ஆபீசர். அவர் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

“மேடம், நான் ஏப்ரல்ல ரிட்டையர் ஆறேன். பென்ஷன் பேப்பர்ல எம்மேல எந்த விசாரணையும் பாக்கி இல்லைன்னு எழுதித் தரணும். கொலையை வெச்சுண்டு நான் எப்படி எழுதித் தருவேன்? மார்ச்சுக்குள்ள தூக்கு தண்டனை கொடுத்து முடிச்சுடறதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை.”

பதின்மூன்றாவது எபிசோடில் அதற்கெல்லாம் நேரம் இல்லை என்றார்கள். கொலை இன்னும் ஒரு கிரேடு இறங்கி, கிளார்க்காக நடித்த ஷ்ரவணிடம் வந்தது. “எனக்கு ஓகே மேடம், யூனியன்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்றான் ஷ்ரவண். மறுநாள் காலையில் யூனியன்காரர்கள் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். மேல்மட்டத்தின் கொலைகளைக் கீழ்மட்டத்தின் மீது திணிக்காதே என்று இந்தியில் கோஷம் போட்டார்கள். மத்தியானத்துக்குள் ஷ்ரவண் குற்றமற்றவன் ஆனான்.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் டீயை எடுத்துக்கொண்டார்கள். பிறகு எல்லோருடைய கண்ணும் டீத் தட்டின் மேல் போயிற்று. தட்டைப் பிடித்திருந்தவர் எபினேசர். அவர் நடிகர்தான். ஆனால் பியூன் வேடத்திலேயே இருந்ததால் ஏழாவது எபிசோடிலிருந்து கூட்டங்களில் டீ கொடுப்பதும் அவர் பொறுப்பாகிவிட்டது.

“எபினேசர் கேஷுவல்தானே” என்றார் சுந்தரவல்லி. “கேஷுவலுக்குப் பாதகமான குறிப்புக் கொடுக்கணும்னு ரூல்ல இல்லை. சாதகமான குறிப்பும் இல்லை. குறிப்பே இல்லை.”

கூட்டத்தில் பெரிய நிம்மதி பரவியது. பன்னிரண்டு வாரத் தடயங்களை இருபது நிமிடத்தில் சரிக்கட்டினார்கள். கோல்ஃப் மட்டையைப் பியூன் ரிப்பேருக்கு எடுத்துப்போனான். காரில் ரத்தம் இருந்ததற்குக் காரணம், மட்டையை வைத்தது காரில். கொலைக்குக் காரணம், டெபுட்டி செக்ரட்டரி டீயில் சர்க்கரை போதவில்லை என்றார். இடதுகை விஷயம்தான் கொஞ்சம் இடித்தது. வலதுகையில் டீத் தட்டு இருந்ததால் இடதுகையால் அடித்தான் என்று எழுதி அதையும் முடித்தார்கள்.

எபினேசருக்கு மட்டும் ஒரு சந்தேகம். “மேடம், நான் கொலை செஞ்சா என் நிரந்தர ஃபைலுக்கு ஏதும் வந்துராதுல்லா?”

“உங்க ஃபைலுக்கு எதுவும் வராது எபினேசர். பதினோரு வருஷத்துல வந்திருக்கா, சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஃபெபி ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “அவங்க எல்லாரும் வேண்டாம்னு தள்ளுன கொலைய நீங்க எதுக்கு வாங்கிட்டு வாரீய?” என்றாள்.

“நடிப்புதான. ஒரு வசனம் இருக்கு ஃபெபி. கடைசியில ‘ஆமா, நான்தான்’னு சொல்லணும்.”

“அவ்வளவுதானா?”

“இதுவரைக்கும் எனக்கு வந்ததுல இதுதான் பெருசு.”

படப்பிடிப்பு அன்று எபினேசர் தம் வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். துப்பறியும் திரிலோகனாக நடித்தவர் மாசிலாமணி. ஓடுவது, குனிவது, மாடிப்படி ஏறுவது ஆகியவற்றிலிருந்து மருத்துவச் சான்றிதழ் காட்டி விலக்குப் பெற்ற துப்பறிவாளர். அதனால் விரல் நீட்டுவதை மட்டும் அற்புதமாகச் செய்வார். ஆனால் பன்னிரண்டு வாரப் பழக்கம், ‘கொலையாளி இதோ’ என்று சொல்லும்போதெல்லாம் அந்த விரல் தானாக ஜெயகிருஷ்ணன் பக்கம் போயிற்று. ஐந்து முறை எடுத்தார்கள். ஐந்து முறையும் ஜெயகிருஷ்ணன் “மாசிலாமணி, கையைப் பார்த்து” என்று அதட்டினார். கடைசியில் இரண்டு பேர் கேமராவுக்கு வெளியே நின்று துப்பறிவாளரின் முழங்கையைப் பிடித்து எபினேசர் பக்கம் திருப்பினார்கள்.

எபினேசர் தலை நிமிர்ந்தார். இந்தக் கட்டடத்தில் ஒருவர் தன்னை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று அவருக்குத் தோன்றியது. ஏந்திய டீத் தட்டு, நாற்காலி இல்லாத பதினோரு வருடம், அட்டை வருகிறது என்று டாக்டரிடம் சொன்ன பொய் எல்லாம் அந்த ஒரு வசனத்தில் சேர்ந்துகொண்டன. “ஆமா. நான்தான்” என்றார். விளக்குப் பிடித்திருந்த பையன், தமிழ் தெரியாத பஞ்சாபி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுந்தரவல்லி கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டு நேரம் என்றார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதைதான். ஆனால் வாரியத்தில் தினமும் டூட்டி ரிப்போர்ட் என்று ஒரு படிவம் உண்டு. ஊழியரின் பெயர், பதவி, இன்று செய்த வேலை என்று மூன்று கட்டம். அன்றைக்குத் தமிழ்ப் பிரிவிலிருந்து போன படிவத்தில் ‘எபினேசர், கேஷுவல், டெபுட்டி செக்ரட்டரியைக் கொலை செய்தார், பின்னர் ஒப்புக்கொண்டார்’ என்று இருந்தது. கீழே சுந்தரவல்லியின் கையெழுத்து, முத்திரையோடு. அது விஜிலன்ஸ் பிரிவுக்குப் போயிற்று.

விஜிலன்ஸ் அதிகாரி அர்விந்த், தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். தமிழ் பேசுவான், படிக்க வராது. எபினேசரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். குற்றவாளிக்கு நாற்காலி உண்டு என்பதை எபினேசர் கவனித்தார்.

“அங்கிள், டெபுட்டி செக்ரட்டரி லெவல் ஆபீசரை மாருறது, கொல்றது... அச்சா காம் நஹி ஹை, நல்ல காரியம் இல்லை. ஏன் செஞ்சீங்க?”

“சார், அது நாடகம். பச்சைமசி கதை. உங்க வீட்டுலகூட பாத்திருப்பாவ.”

“அம்மா பார்க்குறாங்க. அது வேற. ரெக்கார்டு கொலைன்னு சொல்லுது. ரெக்கார்டு தப்புன்னா, தப்பு ரெக்கார்டு எழுதினது யாரு? சுந்தரவல்லி மேடம். அப்ப நான் மேடம் மேல கேஸ் போடணும். போடவா?”

எபினேசர் வேண்டாம் என்று தலையாட்டினார். அர்விந்துக்கு அடுத்த மாதம் பிரமோஷன், மேடம் மேல் கேஸ் போட அவனுக்கும் விருப்பமில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினான். கொலைக்குக் கடும் தண்டனைதான் தர முடியும். கடும் தண்டனை நிரந்தர ஊழியருக்குத்தான் உண்டு. கேஷுவலை நாளையிலிருந்து வராதே என்று அனுப்பலாம், ஆனால் அது தண்டனை ஆகாது. ஒரு கொலைகாரனைத் தண்டிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று பார்லிமென்டில் யாராவது கேள்வி கேட்டால்?

“ஒரே வழிதான் அங்கிள்” என்றான் அர்விந்த். “உங்களை முதல்ல பெர்மனன்ட் பண்ணணும். அப்புறம்தான் சஸ்பெண்ட் பண்ண முடியும். ஜல்தி பண்றேன்.”

பதினோரு வருடம் படுத்திருந்த ஃபைல் மூன்றே நாளில் ஏழு மேஜை தாண்டியது. ஒவ்வொரு மேஜையிலும் ‘அவசரம், கொலை’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள். நான்காம் நாள் எபினேசர் கையில் ஒரு உறை கொடுத்தார்கள். உள்ளே இரண்டு உத்தரவு. முதலாவது அவரை நிரந்தரமாக்கியது. இரண்டாவது அதே நிமிடத்திலிருந்து சஸ்பெண்ட் செய்தது. அவர் முதல் காகிதத்தை மூன்று முறை படித்தார். சஸ்பென்ஷனில் இருப்பவரின் மனைவிக்கு மருத்துவ அட்டை உண்டா என்று நிர்வாகப் பிரிவில் கேட்டார். உண்டு என்றார்கள். படியில் உட்கார்ந்து அழுதார். குற்ற உணர்ச்சி என்று அந்தப் பக்கம் போனவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அட்டை வந்தது. ஃபெபிக்கு அடுத்த மாதம் பதினேழாம் தேதி ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள்.

அதற்குள் வேறு ஒரு வில்லங்கம் முளைத்தது. கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் எபினேசரின் அந்த ஒரு வசனத்தைத் தூக்கிக் கொண்டாடினார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. வாரியம் அந்த ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைக் ‘கொலையாளி பாத்திரத்துக்கு’ என்று அறிவித்தது. விருதுடன் ஒரு சால்வை, வெளிநாட்டுத் திரைவிழாவுக்கு ஒரு பயணம். இதைக் கேட்டதும் ஜெயகிருஷ்ணனுக்குத் தூக்கம் போயிற்று. நாவல்படி அந்தக் கொலை அவருடையது. அவராக வேண்டாம் என்று கொடுத்தது. இப்போது அதைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு வழியும் இருந்தது, ஏனென்றால் எபினேசர் மீதான விசாரணைக்கு அதிகாரியாக, பணிமூப்புப்படி, அவரைத்தான் நியமித்திருந்தார்கள்.

விசாரணை பத்தாம் தேதி நடந்தது. சுந்தரவல்லி தலைமை. ஜெயகிருஷ்ணன் எழுந்து நின்று, தம் அறிக்கையை ஜாயின்ட் செக்ரட்டரி குரலில் படித்தார்.

“எல்லாச் சாட்சியங்களையும் பரிசீலிச்சேன். இந்த ஊழியர் கொலை பண்ணலை. பண்ணவும் முடியாது. கோல்ஃப் மட்டையை அப்படி வீசணும்னா ஒரு வளர்ப்பு வேணும், ஒரு கிளப் மெம்பர்ஷிப் வேணும். ஒரு பியூன் டீக்காகக் கொன்னான்னு சொல்றது கொலைக்கே அவமானம். நடுநிலையா விசாரிச்சதுல, கொலையாளி நான்தான்னு முடிவுக்கு வந்திருக்கேன்.”

வாரிய வரலாற்றில் விசாரணை அதிகாரியே தன்னைக் கண்டுபிடித்தது அதுதான் முதல்முறை. அர்விந்த் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். சுந்தரவல்லி எபினேசரைப் பார்த்துச் சிரித்தார்.

“பார்த்தீங்களா எபினேசர், நியாயம் ஜெயிச்சிடுச்சு. நீங்க நிரபராதி. இன்னைக்கே ரத்து பண்ணிடலாம். சஸ்பென்ஷன், அதுக்காகப் போட்ட பெர்மனன்ட் ஆர்டர், அட்டை, எல்லாத்தையும்.”

எபினேசர் மனசுக்குள் நாளை எண்ணினார். பதினேழாம் தேதிக்கு ஏழு நாள் இருந்தது. ஐம்பத்து நான்கு படிகளும் அவர் கண்முன் வந்தன. எழுந்து நின்றார்.

“மேடம், நான் நிரந்தர ஊழியன். என் வழக்கு ஃபைலைப் பாக்க எனக்கு உரிமை இருக்குன்னு அர்விந்த் சார் சொன்னாவ. பாத்தேன். அதுல ஜெயகிருஷ்ணன் சார் எழுதுன மனு இருக்கு. படிக்கட்டுமா?”

ஜெயகிருஷ்ணன் வேண்டாம் என்று கை காட்டுவதற்குள் அவர் படிக்கத் தொடங்கிவிட்டார். நாடகக்காரர் அல்லவா, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“‘ஒரு ஜாயின்ட் செக்ரட்டரி கொலை செய்வார் என்பது அரசு நடைமுறையை அறியாதவர் எழுதியது. நானும் இருபத்தேழு ஆண்டுகளாக முதல்நிலையில் இருக்கிறேன். இந்தக் காலத்தில் எந்த வேலையையும் நான் என் கையால் செய்ததில்லை. செய்யச் சொல்லியதும் இல்லை, சொன்னதாக எழுத்தில் விட்டதும் இல்லை. ஏதாவது நடந்திருந்தால் அது எனக்குக் கீழே உள்ளவர்கள் செய்ததாகவே இருக்கும்.’ இதை ஏத்துக்கிட்டு மேடம் கையெழுத்துப் போட்டிருக்காவ. அப்ப கொலை யார் செஞ்சது? அவருக்குக் கீழ நான்தான் கடைசி. எனக்கும் கீழ ஆள் இருந்தா காட்டுங்க.”

மனுவை மடித்து மேஜையில் வைத்தார். எபினேசர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். “நான்தான் கொன்னேன்” என்றார். “வேற யாருக்கும் அதை விட்டுக் குடுக்கமாட்டேன்.”

ஜெயகிருஷ்ணன் தாம்தான் கொன்றதாக மேஜையைத் தட்டினார். எபினேசர் இல்லை என்று தட்டினார். சுந்தரவல்லி தலையைப் பிடித்துக்கொண்டார். மனு சரியென்றால் ஜெயகிருஷ்ணனின் அறிக்கை தப்பு, அறிக்கை சரியென்றால் மனுவை ஏற்றுக்கொண்ட தம் கையெழுத்து தப்பு. தம் கையெழுத்து தப்பாக இருக்க முடியாது என்பதில் மட்டும் அவர் தெளிவாக இருந்தார்.

“ஒரு கொலைக்கு ரெண்டு உரிமையாளர்” என்று கடைசியில் சொன்னார். “இதுல நாமளா முடிவெடுக்கறது முறையில்லை. சட்டக் கருத்துக்கு அனுப்புங்க. கருத்து வர்ற வரைக்கும் எல்லாம் இப்ப இருக்கறபடியே இருக்கட்டும். விருதையும் நிறுத்தி வைங்க.”

வாரியத்தின் சட்டக் கருத்துப் பிரிவு தரைக்குக் கீழே உள்ள தளத்தில் இருக்கிறது. அங்கே போன ஃபைல் எதுவும் இதுவரை மேலே வந்ததில்லை. எபினேசர் அதைத் தாங்கிப் போகும் பியூன் கூடவே இறங்கி, அது அலமாரிக்குள் போய்க் கதவு சாத்தப்படும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

பதினேழாம் தேதி ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் கணவரின் பணி என்ன என்று கேட்டிருந்தார்கள். ‘கொலையாளி, நிரந்தரம், சஸ்பென்ஷனில்’ என்று எபினேசர் எழுதினார். கவுண்டரில் இருந்தவர் ‘நிரந்தரம்’ என்ற சொல்லின் கீழே மட்டும் ஒரு கோடு போட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஃபெபி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்து நான்கு படிகளும் இறங்கினாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினாள். கீழே வந்ததும் நேராக ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், நெத்திலி வாங்க வேண்டும் என்றாள். போனார்கள். மீன் கடைகளைத் தாண்டி, அப்பளமும் நல்லெண்ணெயும் விற்கிற ஒரு தமிழ்க் கடையில் நின்றபோது, கடைக்காரர் எபினேசரை ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், டிவில அந்த டெபுட்டி செக்ரட்டரியைக் கொன்னது நீங்கதானே?”

எபினேசர் சட்டென்று சுற்றும் முற்றும் பார்த்தார். ஆபீஸ்காரர்கள் யாராவது இருந்தால்? யாராவது கேட்டுக்கொண்டுபோய்ச் சொன்னால்? ஒரு வார்த்தை தயங்கினாலும் நாளைக்கு நிரபராதி என்று ஆக்கிவிடுவார்கள்.

“ஆமா” என்றார். “நான்தான்.”

ஃபெபி அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ஊன்றுகோல் இல்லாமல், கடைவாசலில் இரண்டு காலிலும் நின்றாள்.

“இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றாள்.